எனக்குத் தெரிந்தவரை

பூட்டுக்காரிக்கு ஒரு சட்டம் உண்டு. யார் கூப்பிட்டாலும் சரி, கொட்டுகிற மழையில் நின்று கெஞ்சினாலும் சரி, மூன்று கேள்விக்குப் பதில் வாங்காமல் கருவிப் பெட்டியைத் திறக்க மாட்டாள். கதவைத் திறந்ததும் கண்ணில் முதலில் படுவது என்ன? வலது பக்கம் என்ன இருக்கிறது? எதிர்ச் சுவரில் என்ன மாட்டியிருக்கிறது? பதிலை மனதில் வாங்கிக்கொள்வாள், பூட்டைத் திறப்பாள், உள்ளே எட்டிப் பார்த்துச் சரிபார்ப்பாள். ஒன்று பிசகினாலும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு நகராட்சிக்குப் போன் போட்டுவிடுவாள்.

"கதவைத் தொறக்கக் கூப்பிட்டா, பொண்ணு கேட்டு வந்தவங்க மாதிரி விசாரிக்கிறியே!" என்று அவள் வீட்டுக்காரன் கேலி செய்வான். அவன் தையல்காரன். அவனுக்கென்ன, தப்பாகத் தைத்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். திறந்த கதவைத் திறக்காத கதவாக்க முடியுமா?

சும்மா வந்த சட்டமில்லை அது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன், பார்த்தால் பச்சைப் பிள்ளை முகம், "நூத்துக்கு நூறு என் வீடும்மா, வேகமாத் தொறங்க" என்று சொல்லி ஒரு வீட்டைத் திறக்க வைத்தான். அது அவனை விட்டுப் பிரிந்துபோன மனைவியின் வீடு. அந்தப் பெண் நகராட்சி அலுவலகத்தில் வந்து அழுத அழுகை இன்னமும் பூட்டுக்காரியின் காதில் இருக்கிறது. அதிகாரி பூட்டுக்காரியிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: இன்னொரு முறை சொந்தக்காரர் அல்லாதவருக்குக் கதவைத் திறந்தால், லைசென்ஸ் போய்விடும். அதுவும் நிரந்தரமாக. லைசென்ஸ் போனால் பூட்டைத் தொடவே கூடாது. பூட்டைத் தொடாமல் அவள் என்ன செய்வாள்? அவளுக்கு வேறு வேலை தெரியாது என்பதுகூடப் பெரிசில்லை. வேறு வேலை பிடிக்காது.

அன்று பிற்பகலில் போன் வந்தது. நல்ல மரியாதையான குரல். சாவி கையிலேயே இருக்கிறது, பூட்டுக்குள் போகிறது, ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறது, உள்ளே அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமா என்றது. அடுப்பு என்றதும் அவள் ஓடினாள்.

அது ஐந்து மாடிக் கட்டடம். லிஃப்ட் நின்று போயிருந்தது. கதவுகளுக்கெல்லாம் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருந்தார்கள். அடித்த மகராசன்கள் எண் தகடுகளைக் கழற்றி எங்கேயோ குவித்து வைத்துவிட்டு, திரும்ப மாட்டாமலே போயிருந்தார்கள். பூட்டுக்காரி படியேறிப் போனாள். மூன்றாவது மாடியில் ஒரு கதவின் முன்னால், கையில் வெங்காயப் பையோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டிருந்தார்.

"இது உங்க வீடுதானே சார்?"

அவர் யோசித்தார். இந்தக் கேள்விக்கு ஒருவர் யோசித்து அவள் பார்த்ததே இல்லை.

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும், ஆமா."

"தெரிஞ்சவரைக்கும்னா?"

"அவ்வளவுதாம்மா சொல்ல முடியும். காலையில இங்கதான் எந்திரிச்சேன். வெங்காயம் வாங்கப் போயிட்டு வர்றதுக்குள்ள எதுவும் மாறலைன்னா, இது என் வீடுதான்."

"வீடு எப்படி சார் மாறும்?"

"மாறாது. ஆனா மாறாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பூட்டுக்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். குடித்திருப்பாரோ என்று மெல்ல மோந்து பார்த்தாள். வெங்காய வாசனைதான் வந்தது.

"என்ன வேலை சார் பாக்கறீங்க?"

"காலேஜ்ல தத்துவம் சொல்லிக் கொடுக்கறேன்."

"ஓ" என்றாள். அந்த ஒற்றை 'ஓ'வில் எல்லாம் அடங்கிவிட்டது. வாத்தியாருக்கும் அது புரிந்தது, சிரித்தார். இந்த 'ஓ'வை அவர் சொந்தக்காரர் வீட்டு விசேஷங்களில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார்.

அடையாள அட்டை இருக்கிறதா என்று கேட்டாள். பர்ஸ் உள்ளே. எதிர்வீட்டு மணியை அடித்தாள். ஆளில்லை. சாவியை வாங்கிப் பூட்டில் போட்டுப் பார்த்தாள். உள்ளே வழுக்கிக்கொண்டு போனது, திரும்பவில்லை. பூட்டும் சாவியும் ஒரே கம்பெனி. உள்ளே ஏதோ ஒன்று சிக்கிக்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டினாள். எந்தப் பூட்டுக்காரியும் அப்படித்தான் முடிவு கட்டியிருப்பாள். அதில் அவளைக் குறை சொல்ல முடியாது.

"சரி, சொல்லுங்க. கதவைத் தொறந்ததும் முதல்ல என்ன தெரியும்?"

"செருப்பு வைக்கிற அலமாரி. அதுல என் செருப்பு ரெண்டு ஜோடி. இல்ல, ஒரு ஜோடி என் கால்ல இருக்கு. ஒண்ணுதான்."

"வலது பக்கம்?"

"புத்தக அலமாரி. கீழ்த்தட்டு உடைஞ்சிருக்கும். உடைஞ்சது போன வாரம்தான்னு நினைக்கிறேன், அதுக்கு முந்தின வாரமாவும் இருக்கலாம்."

"எதிர்ச் சுவத்துல?"

"எங்க அக்கா வரைஞ்ச ஒரு படம். குதிரைன்னு அவ சொல்றா."

"ஏன் சார் ஒவ்வொண்ணுக்கும் ஒரு வால் வைக்கறீங்க? ஆமான்னு ஒரே வார்த்தையில சொல்லக் கூடாதா?"

"சொல்லலாம். ஆனா எனக்கு எவ்வளவு தெரியுமோ அதைவிட ஒரு சிட்டிகை கூடச் சொன்ன மாதிரி ஆயிடுமேம்மா. அதுதான் எங்க வேலையே. எதெல்லாம் நமக்கு நிஜமாத் தெரியும், எதெல்லாம் தெரிஞ்ச மாதிரி நினைச்சுக்கிட்டு இருக்கோம்னு பிரிச்சுப் பாக்கறது."

பூட்டுக்காரிக்கு இது சட்டென்று பிடித்துப்போயிற்று. அந்தப் பச்சைப் பிள்ளை முகத்துக்காரன் ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. நூற்றுக்கு நூறு என்றான். பொய் சொல்கிறவன் "எனக்குத் தெரிந்தவரை" என்று சொல்லவே மாட்டான், இந்த மனுஷர் பொய் சொல்லவில்லை என்று அவளுக்கு நிச்சயமாயிற்று. அந்தக் கணக்கு சரிதான். அவர் பொய் சொல்லவில்லை. பாவம், பொய் சொல்லாதவர் சொல்வதெல்லாம் நிஜமாகிவிடாது என்பது அவள் புத்திக்கு அப்போது எட்டவில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்தியது. குனிந்து சாவித் துவாரத்தில் மூக்கை வைத்தாள்.

"சார், இவ்வளவு நேரமா அடுப்பு எரியுதுங்கறீங்க. கருகின வாசனையே வரலையே? பெயின்ட் வாசனைதான் வருது."

"நல்ல கேள்வி!" வாத்தியார் வாயெல்லாம் பல். "ஆனா வாசனை வரலைன்னா அடுப்பு இல்லைன்னு ஆயிடுமா? சமையலறைக் கதவு சாத்தியிருக்கலாம். தண்ணி இன்னும் வத்தாம இருக்கலாம்."

"வத்திடுச்சுன்னா?"

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

நியாயம்தானே! அவள் பெட்டியைத் திறந்தாள்.

இனி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பூட்டுக்குள் சின்னச் சின்ன ஊசிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றையும் அதனதன் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினால்தான் பூட்டு திரும்பும். கண்ணுக்கு எதுவும் தெரியாது. கம்பி நுனியில் விரல்தான் கேட்கும், விரல்தான் பார்க்கும். ஒவ்வொரு ஊசியும் இடத்தில் உட்காரும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும் பாருங்கள், அதற்காகத்தான் அவள் உயிரை விடுவாள். கதவுக்குப் பின்னால் அரண்மனை இருந்தாலும் அவளுக்கு அக்கறையில்லை. கடைசி 'டிக்'கோடு அவள் சந்தோஷம் முடிந்துவிடும்.

முதல் ஊசி உட்கார்ந்தது. இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் பிகு செய்தது, கொஞ்சிப் பார்த்தாள், உட்கார்ந்தது. அப்போது அவள் மனதில் ஒன்று ஓடியது: எல்லா ஊசியும் வெண்ணெயாக ஓடுகிறதே, எதுவும் சிக்கவில்லையே, பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது, அப்புறம் இவர் சாவி ஏன் திரும்பவில்லை? நல்ல கேள்வி. ஆனால் கேள்வி வந்து சேர்வதற்குள் கை முந்திக்கொண்டது. கடைசி ஊசி 'டிக்' என்றது. கதவு திறந்தது.

கண்ணில் முதலில் பட்டது ஒரு மீன் தொட்டி.

வலது பக்கம் ஒரு கொடி, அதில் வெள்ளைச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. எதிர்ச் சுவரில் குதிரையும் இல்லை, குதிரை என்று யாரும் சொல்லக்கூடியதும் இல்லை. ஒரு ஆணியில் ஒற்றைச் சாவி தொங்கியது. தொட்டிக்குள் ஆரஞ்சு மீன் ஒன்று கண்ணாடியருகே வந்து, யார் நீங்கள் என்பதுபோல வாயைத் திறந்து மூடியது.

பூட்டுக்காரி கழுத்தில் தொங்கிய லைசென்ஸ் அட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். போச்சு. லைசென்ஸ் போச்சு.

வாத்தியாரோ சிரிக்க ஆரம்பித்தார். சின்னச் சிரிப்பில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, வெங்காயப் பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"இது என் வீடே இல்லம்மா!"

"அதைத்தானே சார் நான் அப்பலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன்!" என்று அவள் கத்தினாள்.

"எல்லாத்தையும் சந்தேகப்பட்டேன். வீடு மாறியிருக்குமோன்னு சந்தேகப்பட்டேன். அலமாரி எந்த வாரம் உடைஞ்சதுன்னு சந்தேகப்பட்டேன். எந்த மாடியில நிக்கறேன்னு மட்டும் ஒரு நிமிஷம் யோசிக்கலை பாருங்க!"

அப்போதுதான் வந்தது வாசனை. கருகிய உருளைக்கிழங்கின் வாசனை, படிக்கட்டு வழியாக, மேலேயிருந்து. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவள் கதவை இழுத்துச் சாத்த, இருவரும் ஒரே ஓட்டமாக மேல்மாடிக்கு ஓடினார்கள். அங்கேயும் ஒரு பச்சைக் கதவு. சாவி போனது, திரும்பியது, திறந்தது. ஒரு ஜோடி செருப்பு, தட்டு உடைந்த அலமாரி, சுவரில் நாயா நாற்காலியா என்று சொல்ல முடியாத ஒரு குதிரை. சமையலறை பூராவும் புகை. பாத்திரத்தில் கரி.

அடுப்பை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டு அவள் மறுபடி கீழே வந்தாள். கம்பியை எடுத்து மூன்றாவது மாடிப் பூட்டைப் பழையபடி பூட்டினாள். ஒரு கீறல்கூட இல்லை. இருமிக்கொண்டே பின்னால் வந்த வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரும் பாக்கலை சார்."

"ஆமா."

"பூட்டியாச்சு. ஒரு தடயம் கிடையாது."

"ஆமா."

"சொன்னா எனக்கு வேலை போயிடும்." அந்தப் பழைய கதை முழுவதையும் அவரிடம் கொட்டினாள். கேட்கக் கேட்க வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. சிரித்ததற்காக இப்போது வெட்கப்பட்டார்.

"தப்பு முழுக்க என்னோடதும்மா. நீங்க வேண்டாம்னா நான் வாயைத் தொறக்க மாட்டேன். இது சத்தியம்."

"நான் அதைக் கேக்கலை. நீங்க தத்துவம் படிச்சவர்தானே? என்ன செய்யணும்னு சொல்லுங்க."

"எங்ககிட்ட பதில் மூட்டை கட்டி வெச்சிருக்கும்னு நினைக்காதீங்க. ஒரு கேள்விதான் இருக்கு. வேணும்னா அதைத் தர்றேன்."

"குடுங்க."

"அந்த வீடு உங்களுதா இருந்தா, இப்படி ஒண்ணு நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியணுமா, வேண்டாமா?"

பூட்டுக்காரி அவரை முறைத்தாள். "இதுக்குத்தான் சார் உங்களை மாதிரி ஆளுங்களை யாரும் வீட்டுக்குக் கூப்பிடறதில்லை" என்று சொல்லிவிட்டு, படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். போகவில்லை. வீட்டுக்காரனுக்குப் போன் போட்டாள்.

"வர லேட்டாகும். வேற யாரோ வீட்டைத் தொறந்துட்டேன். அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருக்கணும்."

அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் நின்றது. "நம்ம வீட்டு அலமாரிக் கதவு ஆறு மாசமா மாட்டிக்கிட்டு நிக்குது. அதைத் தொறந்திருந்தா இந்த வம்பு வந்திருக்குமா?" என்றான். பிறகு குரல் இறங்கி, "இரு. சொல்லிட்டே வா. என்ன ஆனாலும் நான் இருக்கேன்ல" என்றான். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தையல்காரன் ஆனாலும் நல்ல மனுஷன்.

வாத்தியார் மேலே போய் இரண்டு டம்ளரில் தண்ணீரும், பாத்திரத்தில் கருகாமல் தப்பித்த இரண்டு கிழங்கும் கொண்டு வந்து பக்கத்துப் படியில் உட்கார்ந்தார். புகை வாசனையோடு அது சாப்பிட நன்றாகவே இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுமா சார்? நான் லைசென்ஸ் போச்சேன்னு நின்னேன். நீங்க சிரிச்சீங்க. எதுக்கு?"

"உங்களுக்கு இப்படி ஆனதுக்காகச் சிரிக்கலைம்மா. நிச்சயமா தெரியும்னு நினைச்ச ஒண்ணு அப்படியே கழண்டு விழுந்துச்சே, அதுக்கு. அந்த நிமிஷம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். என் தலைக்குள்ள இருக்கிற கட்டடத்தை விட நிஜக் கட்டடத்துல ஒரு மாடி கூட இருக்கே! இதுக்காகத்தான் படிச்சேன்னு நினைக்கிறேன். வேலை கிடைக்கும்னு யாரும் தத்துவம் படிக்கறதில்லை, எங்கப்பா அதை நல்லாவே எடுத்துச் சொன்னார்."

"பதில் கிடைச்சுடுமா?"

"எப்பவாவது. பாதி பதில். ஆனா தேடிக்கிட்டு இருக்கும்போது, எப்படிச் சொல்றது, ஏதோ ஒண்ணு வந்து இடத்துல உக்கார்ற மாதிரி இருக்கும்."

"டிக்குனு" என்றாள் பூட்டுக்காரி.

அவர் கிழங்கை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினார். "அதேதான். டிக்குனு."

"உள்ள என்ன இருக்குன்னு கவலையே கிடையாது எனக்கு" என்றாள் அவள். "அந்தச் சத்தத்துக்காகத்தான். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. சொன்னா கிறுக்குன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க. எனக்குக் கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு."

லைசென்ஸ் போகப்போகிற நாளில் இப்படிச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

கீழே காலடிச் சத்தம் கேட்டது. தோளில் பையும் முகத்தில் அலுப்புமாக ஒரு அம்மாள் படியேறி வந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்ததைப் போலவே ஒரு வெள்ளைச் சீருடை. நர்ஸ். படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த இருவரையும் பார்த்து, "என்ன இது, பிக்னிக்கா?" என்றார்.

பூட்டுக்காரி எழுந்து நின்றாள். கழுத்தில் தொங்கிய லைசென்ஸ் அட்டையை எடுத்து முன்னால் நீட்டினாள்.

"அம்மா, உங்க வீட்டைத் தொறந்துட்டேன். இவர் வீடுன்னு நினைச்சுத் தொறந்தேன். வாசல்ல நின்னு பாத்தோம், உள்ள கால் வைக்கலை. திரும்பப் பூட்டிட்டேன். நீங்க நகராட்சியில சொல்லணும்னா என் நம்பர் இதுல இருக்கு."

"தப்பு என்னோடது. நான் மேல் மாடி. ஒரு மாடி முன்னாலயே நின்னுட்டேன்" என்றார் வாத்தியார், பின்னாலிருந்து.

நர்ஸம்மா அட்டையை வாங்கிக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே போனார். அறைகளில் நடக்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"மீனுக்குத் தீனி போட்டீங்களா?"

"இ... இல்லம்மா."

"வந்ததும் வந்தீங்க, அதைக்கூடப் போடலையா?"

நர்ஸம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"நான் பிறந்த குழந்தைங்க வார்டுல இருக்கேன். ஒவ்வொரு குழந்தை கையிலயும் ஒரு பட்டை கட்டியிருக்கும். தூக்கும்போது பாப்பேன், அம்மாகிட்ட கொடுக்கும்போது பாப்பேன், கொடுத்தப்புறமும் பாப்பேன். புதுசா வர்ற பொண்ணுங்க, 'எனக்கு நல்லாத் தெரியும் சிஸ்டர், இந்தக் குழந்தைதான்'னு சொல்லும். அப்பதான் எனக்குப் பயமே வரும். தப்பு எல்லாருக்கும் வரும். தப்புன்னு தெரிஞ்சதும் ஓடி வந்து சொல்ற ஆளு கூட இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்." அட்டையைப் பூட்டுக்காரியின் கையிலேயே திரும்ப வைத்தார். "எவ்வளவு நேரமா உக்காந்திருக்க?"

"மத்தியானத்துலேர்ந்தும்மா."

"போயிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காது."

நர்ஸம்மா எழுந்து உள்ளே போனார். ஆணியில் தொங்கிய அந்த ஒற்றைச் சாவியோடு வந்தார்.

"தனியா இருக்கேன். சில நாள் ரெண்டு ஷிஃப்ட் சேர்ந்து வந்துடும், மீன் பட்டினி கிடக்கும். மாத்துச் சாவியை யார்கிட்ட கொடுக்கறதுன்னு தெரியாமலே வருஷக்கணக்கா ஆணியில தொங்குது. நீ வெச்சுக்க."

வாத்தியார் மெதுவாகக் கை தூக்கினார். "நான் மேல் மாடியிலதான் இருக்கேன். பக்கம்..."

"உங்ககிட்டயா? நீங்க ரெண்டாவது மாடியில போட்டுப் பாத்துட்டு இருப்பீங்க சார்."

வாத்தியார் சிரித்த சிரிப்பு படிக்கட்டு முழுக்கக் கேட்டது. பூட்டுக்காரி சிரிக்கவில்லை. உள்ளங்கையில் இருந்த சாவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அவள் கதவு திறந்துவிடாத தெரு இல்லை. எத்தனையோ வீடு, எத்தனையோ கதவு. திறந்ததும் எல்லோரும் நன்றி சொல்லிவிட்டு அவளை வெளியில் நிறுத்திக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அதுதான் முறை, அதில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை. ஆனால் வெச்சுக்க என்று சொல்லி ஒருவரும் சாவி கொடுத்ததில்லை. கண்ணீர் பொலபொலவென்று வந்தது, அதோடு சிரிப்பும் சேர்ந்து வந்தது.

"போட்டுப் பாரு. ரொம்ப நாளா சும்மா கிடந்த சாவி" என்று நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து நின்றார்.

பூட்டுக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவின் முன்னால் போனாள். வாத்தியார் விடுவாரா?

"இது இந்தக் கதவோட சாவிதானாம்மா?"

"எனக்குத் தெரிஞ்சவரைக்கும்" என்றாள் அவள். சாவியைப் போட்டுத் திருப்பினாள்.

டிக்.